பிறர் நாவிலிருந்து தம் நாவுக்கு

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரத்தைச் சேர்ந்த ஸ்கில்ஸ் என்ற ராப் கலைஞர், 2000ஆம் ஆண்டில் 'கோஸ்ட்ரைட்டர்' என்றொரு பாட்டை வெளியிட்டார். பிறர் பாடிக் கீர்த்தியும் செல்வமும் அடைந்த பாட்டுகளுக்குத் திரைமறைவில் இருந்து தாம் வரிகள் எழுதிக் கொடுத்த வரலாற்றை அதில் அவர் சற்றும் கூசாமல் சொல்லிக்கொண்டு போகிறார். ஆனால் எழுதி வாங்கிக்கொண்டவர் இன்னார் என்று சொல்லவேண்டிய இடம் வரும்போதெல்லாம் அந்தப் பெயர் நம் காதில் விழாதபடி அழிக்கப்பட்டிருக்கிறது. தம்முடைய உழைப்பைப் பற்றிப் பேசுவதற்குக் கூட அந்த மனிதருக்கு முழு உரிமை இல்லை என்பதை அந்தப் பாட்டின் கட்டுமானமே பிரத்தியட்சமாகக் காட்டிவிடுகிறது. பிறருக்கு எழுதிக்கொடுத்து வாழ்ந்த ஒருவர் தம் சொந்தப் பெயரோடு மேடையேறும்போது நேரும் சங்கடம் எத்தகையது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இந்தச் சங்கடம் ராப் சங்கீதத்துக்கே பிரத்தியேகமாக உரியது. அமெரிக்காவின் மற்ற ஜனரஞ்சக இசை வகைகளில் சாகித்யம் செய்பவர் ஒருவராகவும் பாடுபவர் மற்றொருவராகவும் இருப்பது நெடுநாளைய வழக்கம். அதை யாரும் குறையாகக் கருதியதில்லை. நியூயார்க் பிராட்வே வீதியின் அலுவலகக் கட்டடங்களில் சிறு சிறு அறைகளில் பியானோவும் நாற்காலியுமாக அமர்ந்து, மாதச் சம்பள உத்தியோகஸ்தர்களைப் போலப் பாட்டு எழுதிய இளைஞர்களிடையே, ஷிரெல்ஸ் குழுவினருக்காகத் தம் கணவருடன் சேர்ந்து பாட்டமைத்துக் கொடுத்த கரோல் கிங் என்ற பெண்மணி, பத்தாண்டுக் காலம் பிறர் குரல்களில் வாழ்ந்த பிறகு, 1971இல் 'டாப்பஸ்ட்ரி' என்ற தனித் தொகுப்பைத் தம் குரலிலேயே வெளியிட்டபோது, அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அவர் வெளியே வந்ததால் அவரிடம் பாட்டு வாங்கிய எவருடைய மானமும் போகவில்லை. ஏனெனில், அவர் எழுதினார் என்பது முதல் நாளிலிருந்தே இசைத்தட்டின் மீது அச்சாகியிருந்தது.

ராப் சங்கீதத்தின் தர்மம் வேறு. 1970களில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், வேலையும் வசதியும் அற்றுப்போன தெருக்களில், பூங்காக்களிலும் பொதுக் கூடங்களிலும் ஒலிபெருக்கியின் முன் நின்று தாளத்துக்கு இசையச் சொற்களை அடுக்கிய இளைஞர்களுக்கு, தம்முடைய சொல் தம்முடையது என்பதைத் தவிர வேறு சொத்து கிடையாது. ஆகவே, நான் இப்படிப்பட்டவன், என் தெரு இப்படிப்பட்டது, என்னை வெல்ல யாராலும் ஆகாது என்று ஒருவன் மார்தட்டும்போது, அந்த மார்தட்டலை மற்றொருவன் எழுதிக் கொடுத்தான் என்றால் சபை அவனை மன்னிக்காது. சொல்பவனே செய்தவனாகவும் இருக்கவேண்டும் என்ற இந்த விதி எங்கும் எழுதப்படவில்லை. ஆயினும் இதற்கு ஈடான கண்டிப்புள்ள விதி அந்தக் கலையில் வேறொன்றும் இல்லை.

இந்த விதியின் மீறலிலேயே ராப் இசைத்தட்டுகளின் வரலாறு தொடங்கியது என்பதை எண்ணும்போது மனம் வருந்தாமல் இருக்க முடியாது. 1979இல் வெளியான 'ராப்பர்ஸ் டிலைட்', அமெரிக்கா முழுவதும் இந்தக் கலையைக் கொண்டுசென்ற முதல் பெரிய வெற்றிப் பாட்டு. அதைப் பாடிய சுகர்ஹில் கேங் குழுவின் மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க், நியூ ஜெர்சியில் ஒரு பீட்சாக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, பிராங்க்ஸின் சிறந்த சொல்வித்தகர்களில் ஒருவரான கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவருக்கு மேலாளராக இருந்தவர். ஒலிப்பதிவுக்கு அழைப்பு வந்ததும் அவர் காஸிடம் சென்று அவருடைய பாட்டு நோட்டுப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், அதில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார். காஸ் தம் புனைபெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லியிருந்த பகுதியைக் கூட மாற்றாமல் ஒப்பித்தார். இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. அவர் கைக்குச் சன்மானம் என்று ஒரு காசும் வந்து சேரவில்லை.

பிறருக்காக ராப் எழுதும் தொழிலின் நுட்பத்தைச் சற்று விளக்கவேண்டும். பதினாறு தாளவட்டங்கள் கொண்ட ஒரு சரணத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வேலை முடிந்துவிடுவதில்லை. மெட்டு இருக்கும் பாட்டில் பாடகனைத் தாங்கிச் செல்ல ராகம் உண்டு. ராப்பில் தாங்கிச் செல்வது எதுகையும் மூச்சும் அழுத்தமுமே. எந்த அசையில் குரல் இறங்கவேண்டும், எந்தச் சொல்லைத் தாளத்துக்கு முன்னே தள்ளிவிடவேண்டும், எங்கே மூச்சு வாங்க இடம் விடவேண்டும் என்பவற்றை எழுத்தால் குறிக்க இயலாது. ஆகையால் எழுதுபவர் முதலில் தம் குரலிலேயே பதிவு செய்து கொடுக்கிறார்; பாடவேண்டியவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு அந்த நடையைத் தம் நாவில் ஏற்றிக்கொள்கிறார். எனவே இரவல் போவது சொல் மட்டும் அன்று; எழுதியவரின் மூச்சும் நாவசைவும் கூடவே போகின்றன. மேலும், வாங்குபவரின் சுபாவம் என்ன, அவர் தெருவில் எப்படிப் பேசுவார், எந்தப் பெருமையை அவர் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள் என்பதையெல்லாம் நாடகாசிரியனின் கூர்மையோடு அறிந்தவர்தான் இதைச் செய்ய முடியும்.

புரூக்ளினைச் சேர்ந்த பிக் டாடி கேன் அத்தகைய கூர்மை படைத்தவர். ராக்ஸேன் ஷான்டே என்ற இளம்பெண்ணுக்கு அவளுடைய துடுக்கு மிளிரும் வகையிலும், பிஸ் மார்க்கி என்ற நகைச்சுவைக் கலைஞருக்கு அவருடைய வெகுளித்தனம் கெடாத வகையிலும் எழுதிக்கொடுத்த அதே கை, 1988இல் 'லாங் லிவ் தி கேன்' என்ற தனித் தொகுப்பில் முற்றிலும் வேறான ஒரு ராஜநடையை மேற்கொண்டது. கலிஃபோர்னியாவில் ஐஸ் க்யூப் என்ற கலைஞரின் கதையில் காரம் அதிகம். அவர் எழுதிய 'பாய்ஸ்-இன்-தி-ஹூட்' பாட்டை, அதற்கென அமர்த்தப்பட்ட நியூயார்க் குழுவினர் பாட மறுத்துவிட்டதால், அதுவரை ராப் பாடியே அறியாத ஈஸி-ஈ என்பவர், வரி வரியாகப் பதிவு செய்து 1987இல் வெளியிட்டுப் புகழ் பெற்றார். எழுதிய க்யூப் இடையிலே அரிசோனாவுக்குச் சென்று கட்டட வரைபடக் கலை பயின்று திரும்பினார், தாமும் ஈஸி-ஈயும் அங்கம் வகித்த என்.டபிள்யூ.ஏ. என்ற குழுவின் வரிகளில் பெரும்பகுதியை எழுதினார். தமக்குச் சேரவேண்டிய பணம் சேரவில்லை என்று 1989இன் இறுதியில் குழுவை விட்டு விலகி, அடுத்த ஆண்டே நியூயார்க் சென்று அங்குள்ள இசையமைப்பாளர்களுடன் தம் முதல் தனித் தொகுப்பை வெளியிட்டார். இவ்விருவருடைய வெற்றியும் அனைவரும் அறிந்தது. இந்தக் கட்டுரையின் நாயகர் இவர்கள் அல்லர்.

டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் வளர்ந்தவர் டிரேசி லின் கரி. 1968இல் பிறந்தவர். ஃபிலா ஃப்ரெஷ் க்ரூ என்ற மூவர் குழுவில் பாடிக்கொண்டிருந்த அவருடைய திறமையைக் கண்டுகொண்டவர் என்.டபிள்யூ.ஏ. குழுவைச் சேர்ந்த லாஸ் ஏஞ்சலஸ் இசையமைப்பாளர் டாக்டர் ட்ரே. அவருடைய அழைப்பை நம்பி, இருபது வயதை ஒட்டிய பருவத்தில், டிரேசி மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்தார், தி டி.ஓ.சி. என்ற பெயரைப் பூண்டார். ராப் என்றால் நியூயார்க் என்றிருந்த காலத்தில், மேற்கே ஒரு புதிய குரல் உருவாகிக்கொண்டிருந்த இடத்துக்கு, தெற்கிலிருந்து வந்து சேர்ந்த இந்த இளைஞர், லாஸ் ஏஞ்சலஸை அடுத்த காம்ப்டன் நகரத்துத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். ஆயினும் காம்ப்டனின் கோபத்தைப் பேசிய குழுவுக்கு அவர் எழுதினார். ஈஸி-ஈயின் 'ஈஸி-டஸ்-இட்' தொகுப்பிலும், என்.டபிள்யூ.ஏ.வின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' தொகுப்பிலும் அவருடைய கை உண்டு. ஈஸி-ஈயின் குரல் மெல்லியது, கீச்சென்று உயர்ந்தது. மூச்சுப் பயிற்சியும் குறைவு. அந்தக் குரலுக்கு ஏற்ற அளவில் வாக்கியங்களை நறுக்கி, அதன் குறையையே குறும்பாக மாற்றிக் காட்டியது எழுதியவர்களின் சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு அவர் பெற்ற கூலி என்ன? தம் பாட்டுகளின் பிரசுர உரிமையை ஒரு தங்கச் சங்கிலிக்கும் கைக்கடிகாரத்துக்கும் கொடுத்துவிட்டதாக அவரே பிற்காலத்துப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். பாட்டொன்றில் இரு வகைச் சொத்துகள் உண்டு: பதிவான ஒலிக்குரிய உரிமை ஒன்று, சொல்லுக்கும் இசைக்கும் உரிய உரிமை மற்றொன்று. முன்னது பெரும்பாலும் கம்பெனிக்குப் போய்விடும். பின்னதுதான் எழுதுபவனின் நிலம். 1989இல் அமெரிக்கச் சட்டம் விதித்திருந்த வீதம், விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் பாட்டொன்றுக்கு 5.25 சென்ட், பத்து லட்சம் பிரதிகள் விற்றால் ஒரு பாட்டுக்கு 52,500 டாலர். கூட்டாக எழுதியவர்களுக்கும் பிரசுரகர்த்தருக்கும் பங்கு போகவேண்டும். ஒப்பந்தத்தில் முக்கால் வீதமே கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், பல பாட்டுகளிலிருந்து ஆயுள் முழுவதும் வந்துகொண்டிருக்கக்கூடிய வருமானத்தை, கழுத்தில் மின்னும் பொருளுக்கு விட்டுக்கொடுத்த அந்த இளைஞரின் அறியாமையை நினைத்து வருந்துவதா, அந்த அறியாமையின் மீது கட்டப்பட்ட தொழிலை நினைத்து வெகுள்வதா என்று தெரியவில்லை. இருபது வயதில் புகழ்தான் பெரிதாகத் தெரியும். வக்கீலை வைத்துக்கொண்டு ஒப்பந்தம் படிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அவர் அருகில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

1989 ஆகஸ்ட் 1ஆம் தேதி, 'நோ ஒன் கேன் டூ இட் பெட்டர்' என்ற தலைப்பில், அவருடைய தனித் தொகுப்பு வெளிவந்தது. தன்னைவிடச் சிறப்பாகச் செய்ய எவராலும் இயலாது என்று பொருள்படும் அந்தத் தலைப்பை வெறும் தற்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாதபடி அந்தத் தொகுப்பு அமைந்தது. டாக்டர் ட்ரேயின் இசை அதற்குத் துணை நின்றது; மார்வின் கேயின் பாட்டொன்றிலிருந்து எடுத்த இசைத்துணுக்கின் மீது மிதக்கும் 'தி ஃபார்முலா'வில் நிதானம்; 'இட்ஸ் ஃபங்கி இனஃப்' பாட்டில் ஜமைக்கா நாட்டு உச்சரிப்பின் சாயல் பூசிய குதூகலம்; இறுதிப் பாட்டில் என்.டபிள்யூ.ஏ.வின் தோழர்கள் வந்து பாடிச் சபை கூடுகிறார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது அந்தச் சாரீரம். அகன்று கம்பீரமாக ஒலிக்கும் நடுத்தர ஸ்தாயிக் குரல். எவ்வளவு வேகத்தில் சொன்னாலும் மெய்யெழுத்து ஒன்றுகூடச் சிதையாத சுத்தம். ஒரே மூச்சில் மூன்று நான்கு வரிகளைக் கடந்து சென்றும் களைப்பு தோன்றாத வலு. பிறருக்காக எழுதும்போது அவர்களுடைய மூச்சின் அளவுக்குத் தம் வாக்கியத்தைச் சுருக்கிக்கொண்டிருந்த ஒருவர், தம் மூச்சின் முழு நீளத்துக்கும் முதல்முறையாக எழுதிக்கொண்டார் என்பதை அதைக் கேட்கும் எவரும் உணரலாம். கறுப்பரிசைத் தொகுப்புகளின் விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்தை எட்டியது. பொதுப் பட்டியலில் 20ஆம் இடம்.

அதே ஆண்டு நவம்பரில் எல்லாம் மாறிப்போயிற்று. இரவில் தனியே காரோட்டிக்கொண்டு வீடு திரும்பியவர், வழியில் கண்ணயர்ந்துவிட்டார். இருக்கைப்பட்டை அணிந்திருக்கவில்லை. கார் சாலையை விட்டு விலகியதும் வெளியே தூக்கி எறியப்பட்டார்; முகமும் கழுத்தும் கடுமையாக அடிபட்டன; குரல்வளை நசுங்கியது. உயிர் பிழைத்தார். அப்போது அவருக்கு வயது 21. சத்திரசிகிச்சைகளுக்குப் பின் அவரிடம் எஞ்சியது காற்று கலந்த கரகரப்பான முணுமுணுப்பு மட்டுமே. குரல்நாண்கள் சீராக அதிர்ந்தால்தான் ஒலிக்குக் கனம் உண்டாகும். முரசொலிக்கு மேலே எழும்பி நிற்கவேண்டிய கலையில், காற்றாகக் கசியும் குரலுக்கு நிற்க இடமில்லை. கைவிரல் இழந்த வீணை வித்வான் இசையமைப்பாளராக வாழலாம். டி.ஓ.சி.க்கு நேர்ந்தது அதைவிடக் கொடிது. தம் சொல்லுக்குப் பொருத்தமான ஒரே வாத்தியத்தை அவர் அப்போதுதான் கண்டடைந்திருந்தார். அது மூன்று மாதமே அவரிடம் ஒலித்தது.

மீண்டும் திரைமறைவு. இம்முறை அது விருப்பத்தால் அன்று, நிர்ப்பந்தத்தால். என்.டபிள்யூ.ஏ.வின் அடுத்த பதிவுகளுக்கு எழுதினார். டாக்டர் ட்ரே அந்தக் குழுவிலிருந்து பிரிந்து டெத் ரோ ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி உருவானபோது, அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக இருந்தார். 1992 டிசம்பரில் வெளியாகி மேற்குக் கரை ராப்பின் போக்கையே மாற்றிய 'தி க்ரானிக்' தொகுப்பில், டாக்டர் ட்ரேயின் வாயில் வந்த சொற்களில் ஒரு பகுதி இவருடையது. அதைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொரு பணி. லாங் பீச்சிலிருந்து வந்த ஸ்னூப் டாக் என்ற இளைஞர், வாய்க்கு வந்ததைத் தாளத்தில் சொல்லிக்கொண்டே போவதில் நிகரற்றவர். ஆனால் சொல்லிக்கொண்டே போவது வேறு, பாட்டாக அமைப்பது வேறு. பல்லவியை எங்கே வைப்பது, சரணத்தை எங்கே முடிப்பது, எந்த வரியைத் தியாகம் செய்வது என்ற கட்டுமான வித்தையை அவருக்குப் போதித்தவர் டி.ஓ.சி. இதை ஸ்னூப் டாக் வெளிப்படையாகச் சொல்லி நன்றி பாராட்டியிருக்கிறார். 1993இல் 'டாகிஸ்டைல்' தொகுப்பு வெளியான முதல் வாரத்திலேயே விற்பனையில் முதலிடம் பெற்றதற்குப் பின்னால், பாடும் குரலை இழந்த ஒருவர் அருகமர்ந்து திருத்திக் கொடுத்த மாலைப்பொழுதுகள் உண்டு என்பதை ரசிகர்கள் அறிந்திருக்கவேண்டும்.

பிறர் எழுதிக்கொடுத்த ராப்பைப் பாடுவது பாவம் என்று சாதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015இல் ட்ரேக் என்ற பிரபல கலைஞர் தம் வரிகளைத் தாமே எழுதுவதில்லை என்று சக கலைஞரான மீக் மில் குற்றம் சாட்டியபோது எழுந்த ஆரவாரம் நினைவிருக்கலாம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது தவறான ஆளின் மீது பாய்கிறது என்று கருதுகிறேன். கூட்டாக எழுதுவதில் இழிவில்லை. எழுதியவன் பெயரை அழிப்பதிலும், அவன் பங்கைச் சங்கிலியும் கடிகாரமும் கொடுத்து வாங்கிக்கொள்வதிலும்தான் இழிவு இருக்கிறது. நியூயார்க் மாநிலத்து நியூபர்க் நகரைச் சேர்ந்த பார்டிசன் ஃபோன்டேன், கார்டி பி பாடி 2017இல் முதலிடம் பெற்ற 'போடாக் யெல்லோ'வின் எழுத்தாளர்களில் ஒருவராகப் பகிரங்கமாகவே அறியப்பட்டவர். அடுத்த ஆண்டு அவர் தம் பெயரில் 'பேக்கின் இட் அப்' பாட்டை வெளியிட்டபோது, அந்தக் கார்டி பியே உடன் வந்து பாடினார். 2019இல் அவருடைய தனித் தொகுப்பும் வந்தது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் 2018 முதல் பாட்டின் எழுத்தாளர் பெயரைக் கேட்பவரின் கைப்பேசியிலேயே காட்டத் தொடங்கிவிட்டன. காஸின் நோட்டுப்புத்தகம் போனதுபோல இன்று அவ்வளவு எளிதாக எதுவும் போய்விடாது. ஒருமுறை பணம் கொடுத்துப் பெயர் வராமல் வாங்கிக்கொள்ளும் பழக்கம் மட்டும் அடியோடு ஒழிந்துவிடவில்லை.

டி.ஓ.சி.யின் இரண்டாவது தனித் தொகுப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 1996 ஜனவரியில், விபத்து நேர்ந்து ஆறாண்டுகளுக்குப் பிறகு, 'ஹெல்டர் ஸ்கெல்டர்' என்ற தொகுப்பை அவர் வெளியிட்டார். டாக்டர் ட்ரேயின் துணை அதில் இல்லை. தம் வரிகளை வேறொரு நல்ல குரலிடம் கொடுத்திருக்கலாம்; அதுதான் அவருடைய தொழிலே. அப்படிச் செய்யாமல், சிதைந்துபோன தம் குரலிலேயே பாடினார். முதல் தொகுப்பைப் போல அது விற்கவில்லை; விமர்சகர்கள் பலரும் பழைய குரலோடு ஒப்பிட்டு அதைத் தள்ளிவைத்தார்கள். 2003இல் வந்த 'டியூஸ்' தொகுப்பில் பாடும் பணியைப் பெரும்பாலும் இளையவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். டேவ் காப்லன் இயக்கத்தில் 2022ஆம் ஆண்டு ட்ரைபெக்கா திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட 'தி டி.ஓ.சி.' என்ற ஆவணப்படம், குரலை மீட்கச் சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாமா என்று அவர் யோசிப்பதையும் காட்டுகிறது. அதைப் பார்த்தவர்கள் 1989இன் தொகுப்பைத் தேடிக் கேட்பது இயல்பு. அவர்கள் 1996இன் தொகுப்பையும் தேடிக் கேட்கவேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். முன்னதில் உள்ள சொல்லை, அதே அளவு பயிற்சியுள்ள வேறொருவர் வாங்கிச் சென்று அதே கம்பீரத்தோடு சொல்லியிருக்கக்கூடும். பின்னதில் வாக்கியங்கள் குறுகிவிட்டன, மூச்சு வாங்கும் இடங்கள் கூடிவிட்டன, எதுகைகள் அந்தக் கரகரப்பு தாங்கும் இடத்தில் மட்டும் விழுகின்றன. ஒரு காலத்தில் ஈஸி-ஈயின் குரலுக்கு அளவெடுத்து எழுதிய அதே கை, இப்போது தம் கழுத்தின் காயத்துக்கு அளவெடுத்து எழுதியிருக்கிறது. அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கிச் சென்று பாட உலகில் எவராலும் முடியாது.